சம்மதப் பொத்தான்

கொட்டாஞ்சேனை,
11.01.1998

அன்பின் தங்கச்சி ஐறீனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மேபலும் சுகம். ரொறன்ரோப் பனியில் நீயும் மகன் கிறிஸ்டியும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறீர்களா?

கடந்த வியாழக்கிழமை பின்னேரம் ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். எங்கள் குடும்பச் சரித்திரத்தை யாராவது எழுதினால் இந்தத் திகதியை விடமுடியாது. "சம்மதிக்கிறேன்" என்ற பொத்தானை அமத்துவதில்லை என்பதே அந்த முடிவு.

ஒக்டோபரில் இருந்து துண்டுதுண்டாகச் சாமான் வாங்கி நானே பூட்டிய கொம்பியூட்டரைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதில் கடிதம் எழுதும் மென்பொருள் ஒன்றை ஏற்ற, புறக்கோட்டையில் பாயிஸின் கடையில் ஒரு சீடீ வாங்கினேன். அதைப் போட்டதும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதற்குள் கம்பனிக்காரரின் ஒப்பந்தம். கீழே இரண்டு பொத்தான்கள்: சம்மதிக்கிறேன், சம்மதிக்கவில்லை. உலகம் முழுவதும் முதலாவதை அமத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறதாம். நான் ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து ஐந்து வரியாக ஒன்பது பின்னேரம் ஆயிற்று. மூன்றாம் பந்தியில், இதைப் பிரதி பண்ணி விற்பது குற்றம் என்று இருக்கிறது. என் கையில் இருந்ததோ பாயிஸ் தன் கையெழுத்தில் பெயர் எழுதிய பிரதி.

வாசித்து முடித்தேன். வாசித்த பிறகு எப்படிச் சம்மதிப்பது?

பாயிஸிடம் திரும்பக் கொண்டுபோனேன். "சேர், அத யாரும் வாசிக்கிறல்ல. அமத்திட்டுப் போங்க," என்றான்.

"வாசிக்காமல் சம்மதிக்கிறது எப்படித் தம்பி?"

"கலியாணம் முடிக்கக்குள்ள சேர் வாசிச்சிட்டா சம்மதிச்சீங்க?"

இதை மேபலுக்குச் சொன்னது என் பிழை. இரண்டு நாளாகச் சிரிக்கிறாள்.

ஆகவே இந்தக் கடிதம் கையால் எழுதப்படுகிறது. பிரிண்டர் வாங்க நினைத்தால் கிறிஸ்டியை எச்சரித்து வை: மை பீச்சும் வகை வேண்டாம். அது மை விற்பதற்காகக் கண்டுபிடித்த பெட்டி. ஊசியால் குத்தும் பழைய வகையே நல்லது. கூட்ஸ் ரெயின் மாதிரிச் சத்தம் போடும். வேலை நடக்கிறது என்று ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அன்புடன்,
அண்ணா றேமண்ட்

---

ஸ்காபரோ,
05.02.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். மேபல் மச்சாளின் முழங்கால் எப்படி?

உங்கள் கடிதத்தைக் கிறிஸ்டிக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு அமத்துகிறவன். இந்த வீட்டு ரெலிபோன் ஒப்பந்தத்துக்கும் அவன்தான் சம்மதித்தான். நான் இங்கே வந்திறங்கிய கிழமையில் நாற்பது கடதாசியில் கையெழுத்துப் போட்டேன் அண்ணா. ஒன்றையும் வாசிக்கவில்லை. இன்றைக்குச் சூடான வீட்டில்தான் இருக்கிறேன்.

றேடியோவில் கொழும்புச் செய்தி கேட்கப் பயமாக இருக்கிறது. பொலிசில் பதிந்துவிட்டீர்களா? உங்கள் இரண்டு பேரையும் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் பண்ணப் போகிறேன். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள். கிறிஸ்டியிடம் ஈமெயில் இருக்கிறது, அதிலாவது எழுதலாமே?

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாருக்கு எனக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஐறீன்

---

கொட்டாஞ்சேனை,
08.03.1998

அன்பின் ஐறீனுக்கு,

சுகம். முழங்காலும் சுகம். மெழுகுதிரி கொளுத்தியாயிற்று.

ஈமெயில் தமிழில் போகாது. ஆங்கிலத்தில் என் தங்கச்சியின் சுகம் விசாரிக்க நான் தயாரில்லை. ஆனால் மோடம் வாங்கிவிட்டேன். ரெலிபோன் வயரை அதில் கொழுவினால் முதலில் விசில் அடிக்கும், பிறகு கரகரக்கும், பிறகு தொண்டையைச் செருமும். அந்தச் சத்தத்தைக் கேட்டே எந்த வேகத்தில் லைன் பிடித்திருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். கந்தோரில் என்னோடு வேலை செய்கிற யாருக்கும் இந்தக் காது கிடையாது.

கைத்தொலைபேசி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். போன சனிக்கிழமை வெள்ளவத்தைச் சந்தியில் ஒருவர் செங்கல் அளவான ஒன்றைக் காதில் வைத்து, "நான் வெள்ளவத்தைச் சந்தியிலதான் நிக்கிறன்!" என்று கத்திக்கொண்டு நின்றார். சந்தியில் நின்ற எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தச் சாமானுக்கு எதிர்காலம் இல்லை.

பொலிஸ் பதிவு முடிந்தது. தமிழ் வீடுகள் எல்லாம் ஆட்களின் பட்டியல் கொடுக்கவேண்டும் என்பதால், கந்தோர்க் கொம்பியூட்டரில் நிரல் பிரித்து, கோடு போட்டு, மூன்று பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். மற்றவர்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதிகாரி அவர்களை ஒரு தரம் பார்த்தார், என்னை இரண்டு தரம் பார்த்தார். நேர்த்தியான வேலைக்கு மதிப்பு இன்னும் இருக்கிறது.

கனடா விஷயம்: அங்கே மின்சாரம் நூற்றுப்பத்து வோல்ட். என் கொம்பியூட்டர் இருநூற்று முப்பதில் ஓடுவது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்புடன்,
அண்ணா

---

ஸ்காபரோ,
10.05.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதிக்கொள்கிறேன். நீங்கள் எப்படி என்று தெரியவில்லை.

கொம்பியூட்டருக்குப் பின்னால் ஒரு சின்னச் சிவப்புச் சுவிச் இருக்கிறதாம். அதைத் தள்ளிவிட்டால் நூற்றுப்பத்திலும் ஓடுமாம். கிறிஸ்டி சொன்னான். அந்தச் சுவிச் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னான்.

இதை ஏப்ரல் ஆரம்பத்திலேயே எழுதிப் போட்டேன். பதில் இல்லை. மூன்று தரம் ரெலிபோன் கோல் எடுத்தேன். மூன்று தரமும் மச்சாள், "அண்ணா கோயிலுக்குப் போயிட்டார்," என்கிறா. ஒரு தரம் உங்கள் நேரம் இரவு ஒன்பதரை. அண்ணா, ஞாயிறு பூசைக்கே உங்களைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். எந்தக் கோயில்?

ஐறீன்

---

கொட்டாஞ்சேனை,
24.05.1998

அன்புள்ள ஐறீனுக்கு,

மேபல் எழுதுகிறேன். உமக்குச் சொல்லவேண்டாம் என்று அவர் சொன்னவர். நான் சொல்கிறேன்.

ஏப்ரல் 21 விடியற்காலையில் எங்கள் ஒழுங்கையை வளைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சின்னப் பொடியன், ஆமிக்காரன், மரியாதையானவன். சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டான். அலுமாரியைப் பார்த்தான், கட்டிலுக்குக் கீழே பார்த்தான். போகிற நேரத்தில் மேசையில் கிடந்த மோடத்தைத் தூக்கி, "மேக்க மொக்கத அங்கிள்?" என்று கேட்டான். இது என்ன என்று.

வேறு யாரும் என்றால் றேடியோச் சாமான் என்று சொல்லியிருப்பார்கள். உம்முடைய அண்ணாவிடம் அதை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. முகம் மலர்ந்துபோயிற்று. அந்தப் பொடியனைக் கதிரையில் இருத்திச் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். கடைசியாகச் சொன்னது இது: "இதால உலகம் முழுக்கக் கதைக்கலாம்."

பொடியன் வெளியே போய்த் தன் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"உலகம் முழுக்கவா?" என்று அவர் கேட்டார்.

"லைன் நல்லா இருந்தா," என்றார் உம்முடைய அண்ணா.

கொம்பியூட்டர், நாற்பத்து மூன்று பிளொப்பி, ஈயம் பற்றவைக்கும் கோல், பற்றரிப் பெட்டி, அவர் எல்லாம் ஒரே ஜீப்பில் போனார்கள்.

நாலு பக்கத்தில் சிங்களத்தில் வாக்குமூலம் ரைப் பண்ணி வைத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். அவருடைய சிங்களம் உமக்குத் தெரியும்தானே. பேரம் பேசுவார், சண்டை பிடிப்பார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. தமிழில் தாருங்கள் என்று கேட்டாராம். இல்லையாம். அப்படியென்றால் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரை அடைத்து வைத்திருக்கிற அறையில் பத்தொன்பது பேர். பழனிமுத்து என்று ஒருவர், ஹற்றன் பக்கத்து ஆள், புறக்கோட்டையில் தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவுகிறவர், முதல் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பின்னேரம் விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீர் எழுதும் ஐறீன். நான் சொன்னால் அவருக்கு ஏறாது.

மேபல்

---

ஸ்காபரோ,
07.06.1998

அண்ணா,

மச்சாள் எல்லாம் எழுதினா. அவவை ஏசவேண்டாம்.

கையெழுத்துப் போடுங்கள். என்ன எழுதியிருந்தாலும் போடுங்கள். வெளியே வந்த பிறகு லோயரை வைத்து மாற்றிக்கொள்ளலாம். நாற்பது கடதாசி அண்ணா, நாற்பது! நான் ஒன்றையும் வாசிக்கவில்லை. ஆருக்கு எதை நிரூபிக்கப் பார்க்கிறீர்கள்? இது உங்கள் சீடீ இல்லை. ஐம்பத்தொரு வயதில் வீம்புக்கு ஒரு அளவு இருக்கவேண்டும்.

மருந்து குடிக்கிறீர்களா? நிலத்திலா படுக்கிறீர்கள்? அதையாவது எழுதுங்கள்.

ஐறீன்

---

கொழும்பு,
15.07.1998

அன்பின் தங்கச்சி ஐறீனுக்கு,

சுகம். மருந்து குடிக்கிறேன். நிலம் சமமானது.

நான் தற்போது அரசாங்கச் செலவில், அவர்களுடைய இயந்திர வசதிகளைக் கிட்ட இருந்து கவனித்து வருகிறேன். இங்கே கொம்பியூட்டர் இல்லை; என்னுடையது மூலையில் சாக்கால் மூடி இருக்கிறது. இருப்பது ஒரு சிங்கள ரைப்ரைட்டர். பழசு, ஆனால் கரண்ட் நின்றாலும் வேலை செய்யும். இடது பக்கத்தில் ஒரு எழுத்து ஒட்டிக்கொள்கிறது. மூன்றாவது கார்பன் பிரதி யாருக்கும் விளங்காது; அதைத்தான் கைதிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அறையில் ஒரு பல்ப் இருக்கிறது. மூன்று மாதமாக ஒரு நிமிடமும் அணையவில்லை. தரமான பல்ப். சுவிச்சைத்தான் வெளியே வைத்துவிட்டார்கள். முதல் வாரத்து விசாரணையில் பாவித்த சாமான்களைப் பற்றி நான் அபிப்பிராயம் எழுதுவதில்லை.

உன் கேள்விக்குப் பதில். அமெரிக்காவில் இருக்கிற ஒரு கம்பனி, என் முகத்தைக் காணப்போவதே இல்லை. அவர்களுக்கே நான் வாசிக்காமல் சம்மதம் கொடுக்கவில்லை. இரண்டடி தூரத்தில் இருந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்கிற அதிகாரிக்கு எப்படிக் கொடுப்பது? அது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இங்கிருந்து போகும் கடிதங்களை சார்ஜன் குணதிலக பரிசோதிக்கிறார். என் வயதுக்காரர். தமிழ் வாசிக்கத் தெரியாது. தாளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு மூலையில் கையெழுத்துப் போடுவார். சிங்களத்தில்தான் பேசினோம், தமிழில் தருகிறேன்.

"சார்ஜன், வாசிக்காமலா கையெழுத்துப் போடுகிறீர்கள்?"

"உன் தங்கச்சிக்குத்தானே எழுதியிருக்கிறாய்?"

"உங்களைப் பற்றிக்கூட எழுதியிருக்கலாம்."

"நல்லதாக எழுது," என்றார், போட்டார்.

மேலே வலது மூலையில் நீ காண்பது அதுதான்; மிச்சம் அதற்குப் பிறகு எழுதியது.

அவருடைய மகள் கொம்பியூட்டர் படிக்கிறாளாம். என்ன வாங்கிக் கொடுப்பது என்று கேட்டார். ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம், வாய்ப் பேச்சில். நான் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சாமானைப் பற்றிச் சொல்வேன். அவர் எனக்கு ஒரு நாளைக்கு மூன்று சிங்கள எழுத்துச் சொல்லித் தருவார். இன்றைக்கு மை பீச்சும் பிரிண்டர் வேண்டாம் என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

அன்புடன்,
அண்ணா

---

கொட்டாஞ்சேனை,
20.09.1998

அன்புள்ள ஐறீனுக்கு,

நான் சுகம். அவர் மெலிந்துவிட்டார், வாய் மெலியவில்லை.

புதன்கிழமைகளில் பார்க்க விடுகிறார்கள். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புகிறார் இல்லை. என்ன என்று கேட்டேன். யோசனையாக இருந்தேன் என்கிறார். நான் வலது பக்கம் நிற்கப் பழகிக்கொண்டேன்.

போன கிழமை வாசலில் அங்கம்மா என்ற பெண்ணைக் கண்டேன். பழனிமுத்துவின் மனைவி. தேயிலைத் தோட்டத்தில் இருந்து பஸ் ஏறி, கைப்பிள்ளையோடு வந்திருந்தாள். முதல் நாளே கையெழுத்துப் போட்ட மனிசன், ஐறீன். அந்தக் கடதாசியை வைத்தே வழக்குப் போட்டிருக்கிறார்கள். லொறி ஓட்டிக்கொண்டு சாமான் கடத்தினேன் என்று அதில் அவரே சொல்லியிருக்கிறாராம். "எங்க வீட்டுக்காரருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்கம்மா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் இனி அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லமாட்டேன். நீரும் எழுதவேண்டாம்.

சிங்களம் முதலாம் வகுப்புப் புத்தகம் ஒன்று கேட்டார். பாயிஸ்தான் தேடித் தந்தான், காசு வாங்கவில்லை. "சேர வாசிக்கச் சொல்லுங்க. நல்லா வாசிக்கச் சொல்லுங்க," என்றான். வாசலில் அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பரிசோதித்தார்கள். அதில் ஒரு அம்மாவும் ஒரு நாயும் ஒரு பட்டமும் இருந்தன. விட்டார்கள்.

மேபல்

---

கொழும்பு,
22.11.1998

அன்பின் ஐறீனுக்கு,

சுகம். மழையால் நிலம் ஈரம், மற்றப்படி குறையில்லை.

வாக்குமூலத்தை வாசித்துவிட்டேன். நாலு பக்கம், பதினொரு நாள். கம்பனி ஒப்பந்தத்தைவிடக் கடினம், ஆனால் நடை நல்லது. உலகம் முழுக்கக் கதைக்கும் கருவி என்னிடம் இருந்தது என்று இருக்கிறது. சரி. அதில் கதைத்தேன் என்று இருக்கிறது. பிழை, அரைவாசி நேரம் லைன் கிடைக்கவில்லை. பிளொப்பிகளைப் பழனிமுத்துவின் லொறியில் அனுப்பினேன் என்று இருக்கிறது. அந்த மனிதரை நான் முதன்முதலாகக் கண்டதே அந்தப் பத்தொன்பது பேர் அறையில்தான். மொத்தம் முப்பத்தொரு திருத்தம். பக்கம், வரி குறித்து, சிங்களத்தில் என் கையாலேயே எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன்.

அவர் முதலாவது திருத்தத்தில் விரலை வைத்தார்.

"ஏப்ரலில் எழுத்தே தெரியாது என்று சொன்னாய்."

"அப்போது தெரியாது சேர்."

"இப்போது தெரியும்தானே? போடு கையெழுத்தை."

"இப்போது தெரிகிறபடியால்தான் போடமுடியாது."

அன்றைக்குப் பின்னேரத்தில் இருந்து அறையில் மற்றவர்கள் தங்கள் தாள்களை என்னிடம் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். வெள்ளவத்தை லொட்ஜில் பிடிபட்ட நாகேந்திரம் என்ற வாத்தியார், தன் வாக்குமூலத்தில் தனக்கு இரண்டு மனைவி என்று இருப்பதைக் கேட்டுவிட்டு, "ஒண்டையே சமாளிக்கேலாமல் கிடக்குது," என்றார். ஆறு பேர் இனிக் கையெழுத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். பழனிமுத்துவும் தன்னுடையதைக் கொண்டுவந்தார். அதையும் வாசித்தேன். அவர் தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். இங்கே பல்ப் மங்கல். வாசிக்கப் போதாது. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணா

---

ஸ்காபரோ,
15.12.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாலன் பிறந்த நத்தாருக்கு வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை. மெழுகுதிரி கொளுத்துகிறோம்.

கிறிஸ்டி சம்மதித்த ரெலிபோன் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். நாலு பின்னேரம். எங்கள் வீட்டில் இல்லாத இரண்டாவது லைனுக்கு மூன்று வருடமாகக் காசு கட்டியிருக்கிறோம். கம்பனிக்குக் கோல் எடுத்து, பக்கமும் வரியும் சொல்லிச் சண்டை பிடித்தேன். கிறிஸ்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "மம்மி, யூ சவுண்ட் லைக் மாமா," என்றான்.

ஸ்பொன்சர் படிவம் வந்திருக்கிறது. அதையும் முழுக்க வாசித்தேன். பிறகுதான் இத்துடன் அனுப்புகிறேன்.

அவர்களுடைய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவேண்டாம் அண்ணா.

ஐறீன்

---

கொட்டாஞ்சேனை,
14.02.1999

அன்பின் தங்கச்சி ஐறீனுக்கு,

நாங்கள் இருவரும் வீட்டில் சுகம். நீயும் கிறிஸ்டியும் சுகமென்று நம்புகிறேன். ஜனவரி 29 விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லை. பழனிமுத்துவின் வழக்குக்கு ஜூன் மாதம் தவணை.

உன் கோலுக்கு நான் வரவில்லை என்று குறைப்பட்டாயாம். ரெலிபோன் பற்றி என் அபிப்பிராயம் மாறிவிட்டது. அது அவசரமாகச் செய்த கருவி. ஒரு காதுக்குத்தான் வேலை கொடுக்கிறது. மற்றக் காது சும்மா இருக்கிறது. மோடத்தின் சத்தத்தைக் கேட்டு வேகம் சொல்வதையும் விட்டுவிட்டேன். அது விஞ்ஞானம் இல்லை. கடிதமே எனக்கு வசதி.

படிவம் கிடைத்தது. ஏழாம் பக்கத்தில் நிற்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கொம்பியூட்டரை எடுக்கப் போனோம். மேபல் ஒரு ஓட்டோவை வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். உள்ளே சாக்கை நீக்கினால், பெட்டி, திரை, மோடம், பிளொப்பி எல்லாம் வைத்தபடியே இருந்தன. பதிவுப் புத்தகத்தைத் திறந்து, "இந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போ," என்றார் அதிகாரி. பக்கத்து மேசையில் சார்ஜன் குணதிலக இருந்தார். நான் புத்தகத்தை என் பக்கம் திருப்பியதைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

சிங்களத்தில் எழுதியிருந்தது: பழுதான தொலைக்காட்சிப் பெட்டி, ஒன்று.

"சேர், இது தொலைக்காட்சி இல்லை."

"என்னவாக இருந்தால் என்ன? உன்னுடையதுதானே?"

"என்னுடையது கொம்பியூட்டர். பழுதும் இல்லை."

"ஐயோ மஹத்தயா, போட்டுவிட்டுக் கொண்டு போ! வெளியே உன் மனிசி நிற்கிறா!"

"என்னிடம் தொலைக்காட்சி இருந்ததே இல்லை சேர். இல்லாததை எப்படி எடுத்துக்கொண்டு போவது?"

புத்தகத்தில் ஒரு சொல்லைத் திருத்துவதென்றால் மேலிடத்தில் அனுமதி எடுக்கவேண்டுமாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். சார்ஜன் அதை வாங்கி, முதலாவது வரியில் இருந்து கடைசி வரிவரை வாசித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டோவில் நானும் மேபலும் மாத்திரம் திரும்பினோம். கொம்பியூட்டர் அங்கே இருக்கிறது.

அன்புடன்,
அண்ணா றேமண்ட்